அன்று காலை நான் அணைத்த மூன்று அனுமதிகள்

கண்ணு,

போன வியாழக்கிழமை உன் மனைவி எனக்குப் போன் செய்தாள். உனக்குத் தெரியாமல்தான் செய்தாள். அதற்காக அவளைத் திட்டிவிடாதே. ஏழு மாதக் கர்ப்பிணி, குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு பேசினாள். "மாமா, அவரு தூங்கறதே இல்லீங்க. அத்தையோட சர்க்கரைக் கோடு நின்னுபோன நேரம் பாத்துத் தெனமும் எந்திரிச்சு உக்காந்துக்கறாருங்க. போனை எடுக்கறாரு, பாக்கறாரு, வெக்கறாரு. 'நான் அன்னைக்குப் பாத்தேன், பாத்துட்டுத் தூங்கிட்டேன்'ங்கறதையே திருப்பித் திருப்பிச் சொல்றாருங்க. எனக்குப் பயமா இருக்குதுங்க மாமா" என்று அழுதாள். அதைக் கேட்ட பிறகும் நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எல்லாம் செரியாப் போயிரும் அம்மணி, மனசைப் போட்டு ஒழப்பிக்காத" என்றேன். சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனுஷனே இல்லை.

பதினொரு மாதமாக நீ எதை நினைத்துத் தூங்காமல் இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். அன்றைக்கு இங்கே காலை, வெளிநாட்டில் உனக்கு அங்கே படுக்கப் போகிற நேரம். உன் போனில் ஓடிக்கொண்டிருந்த அம்மாவின் சர்க்கரைக் கோடு பட்டென்று நின்றது. 'அளவு வரவில்லை' என்று ஒரு செய்தி வந்தது. பீளமேட்டில் நெட்வொர்க் போயிருக்கும், எப்போதும் நடப்பதுதானே என்று அதைத் தள்ளிவிட்டுப் படுத்துவிட்டாய். எழுந்து பார்த்தபோது நான் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்திருந்தேன். உனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அந்தக் கோடு ஏன் நின்றது என்று எனக்குத் தெரியும் கண்ணு. நெட்வொர்க் போகவில்லை. மிஷினில் கோளாறு இல்லை. நான் நிறுத்தினேன். நீ ஊர் வந்து சேர்ந்ததும் ஆஸ்பத்திரி வாசலில் என்னைக் கேட்டாய், "அப்பா, அம்மா போன்ல ஏதாச்சும் மாத்துனீங்களா?" என்று. "நான் ஒண்ணையும் தொடலையே சாமி" என்றேன். அது பொய். அந்த ஒரு பொய்யைத் திருப்பி வாங்கிக்கொள்ளத்தான் இந்தக் கடிதம்.

முதலிலிருந்தே சொல்கிறேன், நீ எங்கும் தடுமாற வேண்டாம். உன் அம்மாவுக்கு இன்சுலின் ஆரம்பித்து ஆறாவது வருடத்தில் அந்தக் கோளாறு வந்தது. சர்க்கரை இறங்கினால் மற்றவர்களுக்கு வியர்க்கும், கை நடுங்கும், கண் இருட்டும். அவளுக்கு எதுவுமே தெரியாமல் போய்விட்டது. ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருப்பாள், அப்படியே சுவரில் சாய்ந்துவிடுவாள். "அம்மாவுக்கு உள்ள அடிக்கிற மணி நின்னுபோச்சுங்க. வெளிய ஒரு மணி வெச்சாகோணும்" என்றார் டாக்டர். நீ லீவில் வந்தபோது அந்த மணியை வாங்கி வந்தாய். பழைய எட்டணா அளவுக்கு ஒரு வட்டம், அவள் கையில் ஒட்டினாய். ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை அது அளவு பார்த்து அவள் போனுக்குச் சொல்லும். இறங்கினால் இங்கே அவள் போன் கத்தும், அங்கே உன் போனும் கத்தும். "மில்லு பூராவும் மீட்டர் மாட்டுனது இவரு. என்ற கையில ஒரு மீட்டரை மாட்டிப்போட்டான் பாருங்க என்ற பையன்" என்று தெருவில் எல்லோரிடமும் கையைத் திருப்பித் திருப்பிக் காட்டினாள். அவளுக்கு அதில் அத்தனை பெருமை.

சாப்பாட்டு மேசையில் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்து, போன் கேட்ட ஒவ்வொரு அனுமதியையும் நீ அழுத்தினாய். இது எதுக்கு, அது எதுக்கு என்று அவளுக்கும் சொன்னாய், எனக்கும் சொன்னாய். "அப்பா, நீங்களும் கேட்டுக்குங்க" என்று இரண்டு தடவை கூப்பிட்டாய். நான் பேப்பரைப் பிரித்துவைத்துக்கொண்டு "செரி, செரி" என்றேன். ஒரு வார்த்தை காதில் ஏறவில்லை. ஏன் தெரியுமா? சொன்னால் சிரிப்பாய். எனக்கு ரத்தக்கொதிப்பு இருக்கிறதே, எனக்கு ஒரு மிஷின் வாங்கிவரத் தோன்றவில்லையே இவனுக்கு என்று ஒரு பொறாமை. அறுபத்தாறு வயதுக் கிழவனுக்குப் பொண்டாட்டி மேல் பொறாமை! தூ.

அடுத்தது அந்தப் பென்ஷன் ஆப் விவகாரம். அதில் பாதிதான் உனக்குத் தெரியும். வருடா வருடம் நாம் உயிரோடு இருக்கிறோம் என்று எழுதிக் கொடுக்க வேண்டுமில்லையா, அந்த நேரம் பார்த்து ஒருத்தன் கூப்பிட்டான். "அய்யா வணக்கமுங்க. நல்லாருக்கீங்களா? சாப்பிட்டாச்சுங்களா? பென்ஷன் ஆபீசுல இருந்து பேசறேனுங்க" என்றான். அச்சு அசல் நம் ஊர்ப் பேச்சு. இந்தியில் பேசியிருந்தால் அந்த நிமிஷமே வைத்திருப்பேன். அதட்டியிருந்தாலும் வைத்திருப்பேன். வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டுப் பேசுகிறவனிடம் பாதியில் போனை வைக்க என்னால் முடியவில்லை. வீட்டு வாசலில் வந்து நிற்கிறவனை 'வேண்டாம் போ' என்று சொல்லி வளர்ந்தவர்களா நாம்? இனி வீட்டிலிருந்தே வேலை முடியும் என்று ஒரு ஆப்பை அனுப்பினான். போட்டேன். 'அணுகல்தன்மை' என்று ஒரு பக்கத்தைத் திறக்கச் சொன்னான். திறந்தேன். இந்த ஆப் உங்கள் திரையில் உள்ளதைப் பார்க்கும், உங்களுக்காகத் தானே அழுத்தும் என்று போனே எச்சரித்தது. படித்துக் காட்டினேன். "அது சும்மா வருமுங்க அய்யா. பெரியவங்களைப் பயமுறுத்தறதே இவனுகளுக்கு வேலைங்க" என்றான். அதற்கு நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அனுமதி கொடுத்தேன்.

கண் தெரியாதவர்கள் போனைப் பயன்படுத்துவதற்கென்று வைத்த அனுமதியாம் அது. அதைக் கையில் வாங்கிக்கொண்டவன் நாம் பார்ப்பதையெல்லாம் பார்ப்பான், நாம் தொடாமலே தொடுவான். என் போனிலிருந்து என் பெயரில் அதே ஆப் சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் போனது. "இது நல்லா இருக்குது, போட்டுக்குங்க" என்று நானே எழுதியதுபோல் ஒரு வரி வேறு. தாராபுரத்தில் உன் மாமன், 'மச்சான்தானே அனுப்பியிருக்கார்' என்று என்னை நம்பி அழுத்தினார். அவர் பேங்கில் இருந்ததை வழித்துத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்கள். நான் பஸ் ஏறிப் போய் அவர் முன்னால் நின்றேன். "பரவாயில்லீங்க மச்சான். நீங்க என்ன தெரிஞ்சா செஞ்சீங்க? கை கழுவீட்டு வாங்க, சாப்பிடலாம்" என்றார். செருப்பால் அடித்திருந்தால் தாங்கியிருப்பேன். அந்தச் சோறு எப்படி இறங்கியது என்று எனக்குத்தான் தெரியும்.

அன்றைக்கு நீ என்னைத் திட்டிய திட்டு! பிறந்ததிலிருந்து நீ என்னிடம் குரல் உயர்த்தியது அன்றைக்குத்தான். அந்த ஆப்பை எடுக்க அமைப்புப் பக்கத்தைத் திறந்தால் அதுவாகவே பக்கத்தை மூடிவிடும். போனை அணைத்து வேறு வழியில் திறக்க வைத்து, அம்மா போனில் கூப்பிட்டு இரண்டு மணி நேரம் பக்கத்திலிருந்து சொல்வதுபோல் சொல்லி அதைப் பிடுங்கினாய். பிறகு சொன்னாய்: "அப்பா, இனி ஒவ்வொரு ஆப்பாத் தொறந்து, தேவையில்லாத அனுமதியை எல்லாம் ஆஃப் பண்ணிருங்க." தேவையில்லாத என்று தெளிவாகத்தான் சொன்னாய். நான் அந்தச் சொல்லை விழுங்கிவிட்டு மற்றதை எடுத்துக்கொண்டேன். நீ சொன்னதைக் கேட்டுத்தான் அப்பா அப்படிச் செய்தார் என்று நாளைக்கு ஒரு புதுப் பழியை எடுத்துத் தலையில் வைத்துக்கொள்ளாதே. உன் குணம் எனக்குத் தெரியும், அதனால் இதை எழுதிவைக்கிறேன்.

சூடு பட்ட பூனை என்ன செய்யும்? நான் அதற்கும் மேலே போனேன். மில்லில் எலக்ட்ரிகல் ஃபோர்மனாக இருந்தபோது எனக்கு ஒரு வேலை முறை உண்டு. அந்தப் பழைய மில்லில் எந்த ஒயர் எந்த மிஷினுக்குப் போகிறது என்று எந்தப் பேனலிலும் எழுதியிருக்காது. வரைபடம் தேடிக்கொண்டிருக்க நேரமும் இருக்காது. நான் என்ன செய்வேன், ஃபியூஸைப் பிடுங்கிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பேன். எவன் கத்திக்கொண்டு ஓடி வருகிறானோ அவனுடையது அந்த ஒயர். "புடுங்குடா, எவன் கத்தறான்னு பாப்போம்" என்று நான் சொல்வதை வைத்து டிபார்ட்மென்டில் என்னைக் கிண்டல்கூட செய்வார்கள். முப்பத்திரண்டு வருடம் அந்த முறை என்னைக் கைவிடவில்லை. போனிலும் அதையே செய்தேன். என் போனில் எல்லாவற்றையும் அணைத்தேன். வழி காட்டுகிற மேப் திறக்கவில்லை, நீ வீடியோவில் வந்தால் என் குரல் கேட்கவில்லை. கத்தியதை மட்டும் திரும்பப் போட்டேன். பிரமாதமாக இருந்தது. என் போன் சுத்தமாகிவிட்டது என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

அந்த நாள் காலை காபி குடித்துவிட்டு, உன் அம்மா குளிக்கப் போயிருந்தபோது அவள் போனை எடுத்தேன். அவளிடம் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றே தோன்றவில்லை. ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்து சர்க்கரை ஆப்புக்கு வந்தேன். அது எந்த ஆப் என்று தெரியாமல் செய்தேன் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. தெரியும். தெரிந்துதான் செய்தேன். 'இருப்பிடம், எப்போதும் அனுமதி' என்று இருந்தது. ரத்தத்தில் சர்க்கரை பார்க்கிறவனுக்கு நாம் எங்கே போகிறோம், எங்கே வருகிறோம் என்று எதற்குத் தெரிய வேண்டும்? எவனோ வேவு பார்க்கிறான் என்று அணைத்தேன். 'அருகிலுள்ள சாதனங்கள்' என்று ஒன்று. பக்கத்து வீட்டுச் சாதனத்தோடெல்லாம் இதற்கு என்ன பேச்சு என்று அதையும் அணைத்தேன். 'அறிவிப்புகள்'. விளம்பரம் அனுப்புவான், வேறென்ன. அதையும் அணைத்தேன். கையில் ஒட்டிய வட்டம் போனோடு பேசுவது அந்த முதல் இரண்டு வழியாகத்தான், போன் கத்துவது மூன்றாவது வழியாகத்தான் என்று நீ அன்றைக்கு மேசையில் உட்கார்ந்து சொன்னாயாம். அம்மா தன் சமையல் குறிப்பு நோட்டில் எழுதியே வைத்திருந்தாள். அந்த நோட்டை நான் பார்த்தது காரியம் எல்லாம் முடிந்த பிறகு.

உனக்குப் புரிகிறதா கண்ணு? கத்தினால் திரும்பப் போடலாம் என்று காத்துக்கொண்டிருந்தேன். நான் பிடுங்கியது கத்துகிறவனின் தொண்டையை.

மிச்ச ஆப்களை அப்புறம் பார்க்கலாம் என்று அவள் போனை என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அவள் குளித்துவிட்டு வந்து ஊசி போட்டுக்கொண்டாள். இட்லித் தட்டை எடுத்து அடுப்பில் வைக்கப் போன நேரத்தில் கதவைத் தட்டினார்கள். மேட்டுப்பாளையத்துப் பாக்கு மண்டிப் பங்காளியும் அவர் சம்சாரமும், மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க, தட்டும் வெற்றிலையுமாக நின்றார்கள். நம் வீட்டு முறை உனக்குத் தெரியுமே. பத்திரிகையோடு வந்தவர்களைச் சாப்பிடாமல் அனுப்பினால் ஜென்மத்துக்கும் பேச்சு. அவர்கள் இலையில் கை வைப்பதற்கு முன் வீட்டுக்காரி ஒரு வாய் போட்டுக்கொண்டால் அதற்கும் பேச்சு. இட்லி பத்தாது என்று உன் அம்மா தோசைக்கல்லைப் போட்டாள். பங்காளி சம்சாரம் சமையலறை வரைக்கும் வந்து, "நீங்களும் உக்காருங்க அக்கா, சேந்தே சாப்பிடலாமுங்க" என்று கையைப் பிடித்து இழுத்தது. "இருக்கட்டுமுங்க. நீங்க சூடாச் சாப்பிடுங்க, நான் அப்பறம் சாப்பிட்டுக்கறேன்" என்றாள் உன் அம்மா. இன்சுலின் போட்ட வயிறு. ஊசி போட்டால் அரை மணிக்குள் சாப்பிட வேண்டும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் வெளியே ஒரு மணி இருக்கிறதே, இறங்கினால் கத்துமே என்று அவளும் இருந்தாள், நானும் இருந்தேன்.

இந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அவர்கள் சாப்பிட்டவுடன் கிளம்பத்தான் பார்த்தார்கள். "ஏனுங்க, இன்னும் பதினாறு ஊடு இருக்குதுங்க, வாரோமுங்க" என்று பங்காளி எழுந்தே விட்டார். நான்தான் அவரைப் பிடித்து உட்கார வைத்தேன். எதற்கு? நான் ஏமாந்த கதையையும், பிறகு புத்திசாலியாகிவிட்ட கதையையும் சொல்வதற்கு. சட்டைப் பையிலிருந்து உன் அம்மாவின் போனை எடுத்து, "இதப் பாருங்க, இப்படித்தானுங்க ஒவ்வொண்ணாப் புடுங்கோணும்" என்று அவருக்குப் பாடம் நடத்தினேன். அப்புறம் அவர் போனையும் வாங்கி அதிலும் காட்டினேன். முக்கால் மணி நேரம். "ஏம்புள்ள, இன்னொரு காப்பி" என்று வேறு குரல் கொடுத்தேன். அவள் போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். தம்ளரை வைத்தபோது மேசையில் கொஞ்சம் சிந்தியது. நான் பார்த்தேன். பார்த்துவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தேன்.

அவர்களைப் பஸ் ஏற்றிவிட்டு வந்து பார்த்தால், பின்பக்கம் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் குப்புறக் கிடந்தாள். கையில் தட்டுத் துடைக்கிற துணி. கத்தினேன். எதிர்வீட்டு டீச்சரம்மா ஓடி வந்தார். புரட்டிப் போட்டுக் கன்னத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, "சர்க்கரை எறங்கியிருக்குமுங்க அய்யா. நாக்குல கொஞ்சம் தேன் தடவட்டுமுங்களா?" என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சர்க்கரையா இருக்காதுங்க டீச்சர். போன் என்ற பையிலதான் இருக்குது, கத்தவே இல்லீங்களே. இது ஹார்ட்டுதானுங்க. ஒண்ணும் குடுத்துராதீங்க" என்றேன். ஆம்புலன்ஸ் வந்து சேர இருபது நிமிஷம். அதற்குள் அவர் இன்னொரு தடவை கேட்டார். இன்னொரு தடவையும் வேண்டாம் என்றேன். ஆம்புலன்ஸில் வந்த பெண் விரலைக் குத்திப் பார்த்துவிட்டு, "என்னங்கய்யா, சர்க்கரை சுத்தமா இல்லீங்களே" என்றபோதுதான் போனை எடுத்து அந்த ஆப்பைத் திறந்தேன். அளவு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு சின்னக் கோடு இருந்தது. அந்த நிமிஷமே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

மூளைக்கு ரொம்ப நேரம் சர்க்கரை போகவில்லை, பார்க்கலாம் என்றார்கள். நீ டிக்கெட் போட்டுவிட்டாய் என்று தெரிந்தது. மறுநாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஐந்து நிமிஷம் உள்ளே விட்டார்கள். மூக்கில் குழாய், வாயில் குழாய், கையில் மட்டும் நீ வாங்கிக் கொடுத்த வட்டம் அப்படியே இருந்தது. நான் அவள் நெற்றியைத் தொடவில்லை. பையிலிருந்து போனை எடுத்தேன். மூன்று அனுமதியையும் ஒன்றன் பின் ஒன்றாகத் திரும்பப் போட்டேன். நீ வந்து பார்த்தால் எல்லாம் போட்டபடியே இருக்க வேண்டுமே! மூன்றாவதை அழுத்திக் கொஞ்ச நேரத்தில் போன் கத்த ஆரம்பித்தது. குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்ததால் சர்க்கரை அதிகம், அதிகம் என்று அந்த அறை முழுக்கக் கத்தியது. நர்ஸம்மா ஓடி வந்து, "அய்யா, போனை ஆஃப் பண்ணுங்க, மத்த பேஷன்டுங்க இருக்காங்க" என்றது. எந்தப் பொத்தான் என்று எனக்குத் தெரியவில்லை. அந்தப் பெண்ணே வாங்கி அணைத்துக் கொடுத்தது. உன் அம்மாவின் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. ஆறாம் நாள் போய்விட்டாள்.

அதனால்தான் நீ போனைக் குடைந்து குடைந்து பார்த்தும் உனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. எல்லா அனுமதியும் ஒழுங்காக இருந்தது. மிஷின் கம்பெனிக்கு எழுதினாய், எங்கள் பக்கம் கோளாறு எதுவும் தெரியவில்லை என்று பதில் போட்டார்கள். மிஷினிலும் இல்லை, போனிலும் இல்லை என்றால் தப்பு வேறு யார் மேல்? தன் மேல்தான் என்று முடிவு செய்துகொண்டாய். நீ அந்த முடிவுக்கு வந்ததை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் காரியம் முடிந்து, "நெட்வொர்க்குன்னு நெனச்சுட்டம்பா, கூப்பிட்டிருக்கோணும்" என்று என் மடியில் தலை வைத்து அழுதாயே, உன் தலையைத் தடவிக்கொடுத்தேன். வாயைத் திறக்கவில்லை. போனில் செய்ததாவது அறியாமை என்று சொல்லலாம். இதற்கு என்ன பெயர் வைப்பது? பெற்ற பிள்ளையைத் தன் இடத்தில் நிற்க வைத்துவிட்டு நழுவுகிறவனுக்கு என்ன பெயர் உண்டோ அதுதான்.

உனக்குக் குழந்தை வரப் போகிறது. தொட்டிலுக்கு மேலே கேமரா, காலில் மாட்டுகிற பட்டை என்று எல்லாம் வாங்கி வைத்திருக்கிறாயாம். எனக்குப் புத்தி சொல்கிற யோக்கியதை இல்லை, ஆனால் இந்த விஷயத்தில் என்னைவிடப் பட்டவன் உனக்குக் கிடைக்க மாட்டான். யார் கேட்டாலும் தூக்கிக் கொடுத்ததும் நான்தான், பயந்துபோய்க் கண்ணை மூடிக்கொண்டு பிடுங்கியதும் நான்தான். மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியவன் உன் அப்பன். ஒரு அனுமதியைக் கொடுக்கும்போது எதற்கு என்று கேட்கிற மாதிரியே, எடுக்கும்போதும் எதற்கு இருந்தது என்று கேள். எடுத்த பிறகு அந்த மிஷின் பழையபடி வேலை செய்கிறதா என்று அங்கேயே நின்று பார். சத்தம் வரவில்லை என்பதால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நினைத்துவிடாதே. எல்லாவற்றுக்கும் மேலே, அது யாருடைய போனோ அவரைக் கேள். நான் உன் அம்மாவை எதையுமே கேட்டதில்லை. நீ பிளஸ் டூ படித்தபோது உன் படிப்புக்கென்று வீட்டுக் கேபிளை வெட்டினேனே, ஞாபகம் இருக்கிறதா? ஒரு வருடம் அவள் சாயங்காலமானால் டீச்சரம்மா வீட்டு ஜன்னலில் நின்று சீரியல் பார்த்தாள். உள்ளே வந்து உட்காரச் சொன்னால்கூட, "இருக்கட்டுமுங்க டீச்சர், இதோ போயிருவேன்" என்பாளாம். போன மாதம்தான் டீச்சரம்மா சொன்னார். கேபிளை வெட்டும்போது அவளையும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்று இத்தனை வருடம் கழித்து இப்போதுதான் உறைக்கிறது. அன்று காலை "ஏம்புள்ள, இதை அணைக்கட்டுமா?" என்று குளியலறைக் கதவைத் தட்டியிருந்தால், "அதைத் தொடாதீங்க, பையன் சொல்லியிருக்கறான்" என்று உள்ளேயிருந்தே சொல்லியிருப்பாள். அவ்வளவுதான் தேவைப்பட்டது.

அடுத்த மாதம் வருஷ திதி. எல்லோரும் வருவார்கள். தாராபுரத்து மாமன் வருவார். மேட்டுப்பாளையத்துக்காரரும் வருவார்; நாங்கள் வந்த நாளில்தான் இப்படி ஆகிவிட்டது என்று அவர் சம்சாரம் இன்றைக்கும் சொல்லிச் சொல்லி அழுகிறதாம். சாப்பாடு முடிந்ததும் இந்தக் கடிதத்தை எல்லோர் முன்னாலும் வாசிக்கப் போகிறேன். டீச்சரம்மாவையும் உட்கார வைத்துத்தான். போன் ஏன் கத்தவில்லை என்று எனக்குத் தெரியாது என்று அவரிடமும் பொய்தானே சொன்னேன். மற்றவர்களுக்கு முன்னால் உனக்குத் தெரிய வேண்டும் என்பதால் இதை முதலில் உனக்கு அனுப்புகிறேன். நீ திதிக்கு வருவதும் வராததும் உன் இஷ்டம். இதைப் படித்த பிறகு என்னோடு பேசாமல் இருந்தால் அது நியாயம், நான் யாரிடமும் குறை சொல்ல மாட்டேன். மன்னித்துவிடு என்று எழுத நான்கு தடவை பேனாவை எடுத்தேன். எழுத வரவில்லை. யாரிடம் மன்னிப்பு கேட்க வேண்டுமோ அவள் போய்விட்டாள்.

ஒன்று மட்டும் உன் மண்டையில் ஏற வேண்டும். 'நான் அன்னைக்கு ஒரே ஒரு போன் போட்டிருந்தா அம்மா பொழைச்சிருப்பாங்க' என்று சொல்லித்தான் நீ தினமும் எழுந்து உட்காருகிறாயாம். அந்தக் காலை நேரத்தை நான் நூறு தடவை ஓட்டிப் பார்த்துவிட்டேன் கண்ணு. அவள் போன் என் பையில் இருந்தது. நீ கூப்பிட்டிருந்தால் நான்தான் எடுத்திருப்பேன். அவளிடம் கொடுத்திருக்க மாட்டேன். "உங்கம்மாளுக்கென்ன, நல்லாத்தான் இருக்கறா. சொந்தக்காரங்க வந்திருக்காங்க, தோசை ஊத்தீட்டு இருக்கறா. நீ படுத்துத் தூங்கு சாமி" என்றுதான் சொல்லியிருப்பேன்.

அப்பா